சேரியின் அடிபம்பையும் கணக்கில் எடுங்கள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்று அன்றுமுதல் எத்தனையோ பேச்சுவார்த்தைகள் நடந்துவிட்டன. தண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓரத்தில் நிற்கிறது.

சிங்கரேணி, ராணிகஞ்ச் போன்ற இடங்களில் பூமிக்கடியில் குடைந்து நிலக்கரி எடுக்கிறார்கள். அங்கே மேல்தளம் தளர்ந்து பாறையில் விரிசல் விட்டால், கிணற்று நீர் கீழே இறங்கிவிடும். நெய்வேலியோ திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கிவிடும். அதனால்தான் இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள்.

சுரங்க நீர் பரவனாற்றில் கலந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு உதவுகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பயன் வயல் உள்ளவருக்கு. வயலே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு முதல் தேவை குடிநீர்.

நீர்மட்டம் இறங்கினால் நிலமுள்ளவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவார். சேரியின் அடிபம்பில் காற்றுதான் வரும். நம் பெண்கள் குடத்தோடு ஊர்த்தெருவுக்குப் போனால் தண்ணீரோடு சாதிப் பேச்சையும் சுமந்து வர வேண்டும். 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகியது இந்த அவமானத்துக்கு எதிராகத்தான்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கப்படும் பகுதியில் மூன்றாண்டுகளாக உழைத்து வாழும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்கிறது. நீர்மட்டம் இறங்குவதோ நில எடுப்பு எல்லைக்கல்லோடு நிற்பதில்லை. அந்தக் கல்லுக்கு வெளியே அடிபம்பு வற்றிப்போன குடும்பம் எந்தக் கணக்கில் வரும்?

எனவே, சுரங்கத்தை ஒட்டிய ஒவ்வொரு ஊராட்சியிலும் ஊரின் கிணறும் சேரியின் அடிபம்பும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். நீரின் தரமும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகளைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். நீர் வற்றிய குடியிருப்புக்கு மாற்றுக் குடிநீர் தருவதைச் சுரங்க அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அங்கே வெறுங்கையோடு போகக் கூடாது. மாணவர்களே, கயிற்றில் கல்லைக் கட்டி மாதம் ஒருமுறை உங்கள் தெருக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடிபம்பில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் குறியுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் அந்த நோட்டை வைத்துத் தீர்மானம் கேளுங்கள். ஓராண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் சேரியை எந்த அதிகாரியும் எளிதில் உட்காரச் சொல்லிவிட முடியாது.