யானைக்கும் அடி சறுக்கும்

மதுரைக்கு வடபாலுள்ள ஆனையூர் 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதற்கப்பால் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளையும் கிராமங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அறுப்புக் காலத்தில் மழை பெய்து வயல் சேறாகிவிட்டால், அங்குள்ள குடியானவர் டயர் பூட்டிய அறுவடை இயந்திரத்தை வயலில் இறங்க விடமாட்டார். வாடகை கூடினாலும் சரியென்று பெல்ட் வண்டியையே தேடிப் போவார். கனத்த டயர் வண்டி சேற்றில் இறங்கினால் என்ன நேரும் என்பதை அவருக்கு எவரும் ஏடு வைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை. முதலில் நிலம்; பிறகுதான் வண்டி. இந்த எளிய நியாயத்தை நமது தேசத்தின் யுத்த டாங்கிகள் விஷயத்தில் டில்லியிலுள்ளவர்கள் எத்தனை ஆண்டுகள் மறந்திருந்தார்கள், அந்த மறதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

டாங்கி எங்கும் போகும் என்றொரு எண்ணம் படித்தவர்களிடையேயும் இருக்கிறது. அதற்கு ஓரளவு காரணமும் உண்டு. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் முதல் வகை சுமார் 58 டன் எடையுள்ளது. அந்த எடை முழுவதும் இரண்டு இரும்புச் சங்கிலிப் பட்டைகளின் மேல் பரவி நிற்பதால், தரையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் அது ஊன்றுவது சுமார் 0.85 கிலோ மாத்திரமே. சாலையில் ஓடும் சரக்கு லாரியின் டயரோ அதே அளவு இடத்தில் ஆறு ஏழு கிலோவை ஊன்றுகிறது. லாரி புதையும் இடத்தில் டாங்கி மிதந்து செல்வதன் சூட்சுமம் இதுதான்.

ஆனால் தரை மாத்திரமா வழியில் வருவது? பாலம் வந்தால் அது மொத்த எடையையல்லவா தாங்கவேண்டும்? மலை வந்தால் எஞ்ஜினுக்கு மூச்சு வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கீழே உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோலவே எஞ்ஜினுக்கும் வாங்கும். அதன் சக்தி குறையும். கடுங்குளிரில் டீசல் உறையத் தொடங்கும், பாட்டரி சோர்ந்துபோகும். மணல், சதுப்பு, பனி, ஆறு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நியாயம். இத்தனை நிலங்களும் ஒரே தேசத்தின் எல்லைகளில் அமைந்திருப்பது நமது பாக்கியமும் பாரமுமாகும்.

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே நமக்கு முதல் பாடம் கிடைத்தது. 1948 நவம்பர் 1-ஆம் தேதி, பதினோராயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள சோஜிலா கணவாயில் ஏழாவது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனிமழைக்கிடையே ஏறிச் சென்றன. அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைக்கவில்லை. கணவாய் திறந்தது, லடாக் நம் கையில் நின்றது. ஜெனரல் திம்மய்யாவின் துணிவையும், படையை நடத்திய ராஜிந்தர் சிங்கின் ஆற்றலையும் தேசம் போற்றுகிறது, போற்றவேண்டியதே. ஆனால் இரண்டு விஷயங்களைத் தமிழர்களாகிய நாம் சேர்த்து நினைக்கவேண்டும். அந்த டாங்கி சுமார் 15 டன் எடையே உள்ள இலேசான வண்டி. அப்படியிருந்தும் வழியிலுள்ள பாலங்களுக்காகவும் ரகசியத்துக்காகவும் அதன் மேற்கூண்டைக் கழற்றித் தனியாக ஸ்ரீநகருக்குக் கொண்டுபோக நேர்ந்தது. இரண்டாவது, கோவேறு கழுதைகள் நடந்த ஒற்றையடிப் பாதையைப் பால்தாலிலிருந்து கணவாய்வரை டாங்கி செல்லும் தடமாக வெட்டித் தந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர். தென்னாட்டு வெயிலில் வளர்ந்த கைகள் அந்தப் பனியில் பாறையைப் பிளந்தன. வண்டியும் இலேசு, வழியும் தயார் என்ற இரண்டும் கூடியதால்தான் வெற்றி விளைந்தது.

1962 அக்டோபரில் சீனர் படையெடுத்தபோது, சுஷூல் சமவெளியைக் காக்க ஆறு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகள் ஆகாய விமானங்களில் ஏற்றிச் செல்லப்பட்டன. அவையும் 15 டன் அளவுள்ளவையே. விமானம் சுமக்கக்கூடிய வண்டியாக இருந்ததால் அல்லவா அது சாத்தியமாயிற்று?

1965-ல் நிலமே நமக்குச் சேனையாக நின்றது. பஞ்சாபில் கேம்கரண் அருகிலுள்ள அசல் உத்தரில் வயல்களில் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த பாட்டன் டாங்கிகள், அக்காலத்தில் உலகமே மெச்சியவை, கரும்புக் காட்டுச் சேற்றில் சிக்கித் தவித்தன. ஏறத்தாழ நூறு டாங்கிகளை எதிரி அங்கே இழந்தான். ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அவற்றை எதிர்த்து உயிர் கொடுத்த அப்துல் ஹமீது பரமவீர சக்கரம் பெற்றார். நமது கண்மாய்க் கரையோரக் குடியானவர் அறிந்த உண்மையைப் பாட்டன் டாங்கியை அனுப்பியவர்கள் அறியவில்லை.

1971 டிசம்பரில் ராஜஸ்தானத்து லோங்கேவாலாவில் இரவோடிரவாக வந்த பாகிஸ்தான் டாங்கிகள் இளமணலில் அகப்பட்டன. பொழுது விடிந்ததும் நமது ஹண்டர் விமானங்களுக்கு அவை இரையாயின. அதே யுத்தத்தில் ஆறுகளும் சதுப்புகளும் நிறைந்த கிழக்கு வங்காளத்தில், நீரில் நீந்தக்கூடிய பி.டி-76 என்னும் 14 டன் டாங்கி நமக்குப் பேருதவி புரிந்தது. மணலில் கனத்த டாங்கி திணறியதும், வெள்ள நாட்டில் இலேசான டாங்கி வென்றதும் ஒரே மாதத்து நிகழ்ச்சிகள்.

இவ்வளவு கண்கூடான பாடங்களுக்குப் பிறகு நாம் செய்தது என்ன? பழைய இலேசான டாங்கிகள் ஒவ்வொன்றாகப் படையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வேறு வரவில்லை. 2009-ல் ராணுவம் முந்நூறு இலேசான டாங்கிகளுக்காகத் தயாரிப்பாளர்களிடம் விவரம் கோரியது. கோரியதோடு காகிதம் உறங்கிவிட்டது. 2020-ஆம் ஆண்டில் கிழக்கு லடாக்கில் சீனர் நெருங்கி வந்தபோது, சமவெளிக்கென்று செய்யப்பட்ட 41 டன் டி-72, 46 டன் டி-90 டாங்கிகளையே மலைமேல் ஏற்றவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் ரெச்சின்லா உச்சியில் நமது வீரர்கள் அவற்றைக் கொண்டு நிறுத்தியது அவர்களுடைய திறமைக்குச் சான்று. அது திட்டமிட்டவர்களின் முன்யோசனைக்குச் சான்றாகாது. எதிரே சீனரிடம் மலைக்கென்றே செய்த இலேசான டாங்கி ஆயத்தமாக இருந்தது.

2024 ஜூன் 28-ஆம் தேதி இரவு நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. லடாக்கில் சாசர் பிராங்ஸா அருகே, பயிற்சி முடிந்து திரும்பிய டி-72 டாங்கியொன்று ஷியோக் ஆற்றில் அகப்பட்டது. வெள்ளம் திடீரென்று பெருகியது. ஐந்து வீரர்கள் மாண்டனர். மலையாற்றின் வெள்ளம் எந்த வண்டியையும் அடித்துச் செல்லக்கூடும். இலேசான டாங்கியாயிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் நிலத்தையும் நீரையும் பற்றிய விவகாரம் அலுவலகக் கோப்புகளில் கிடக்கும் தர்க்கமன்று, ஐந்து வீடுகளில் விளக்கணைத்த விவகாரம் என்பதை மட்டும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி நம்பிக்கைக்கு இடமுள்ள செய்திக்கு வருவோம். ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையமும் லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனியும் சேர்ந்து 'ஜோராவர்' என்னும் 25 டன் டாங்கியை உருவாக்கியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லடாக்கிலும் திபெத்திலும் படை நடத்திய தளபதியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 2024 ஜூலையில் குஜராத்திலுள்ள ஹஜீராவில் அது வெளியில் காட்டப்பட்டது. செப்டம்பரில் பாலைவனத்தில் சுட்டுக்காட்டியது. டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் சுட்டது. அர்ஜுனுக்கு 1974-ல் அனுமதி கிடைத்து, முதல் ஐந்து டாங்கிகள் படைக்கு வர 2004 ஆயிற்று என்பதை நினைத்தால், ஜோராவரின் வேகம் மெச்சத் தக்கது. தமிழ் மண்ணில் உள்ள விஞ்ஞானிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் நமது வாழ்த்து உரியது. ஆயினும் சோதனையில் சுட்ட டாங்கி வேறு, எல்லையில் அணிவகுத்து நிற்கும் டாங்கி வேறு. ராணுவம் கோரிய 354-ல் ஒவ்வொன்றும் எப்போது மலை ஏறும் என்பதுதான் கேள்வி.

இங்கே சுதேசி என்ற சொல்லையும் சற்றே உரைத்துப் பார்க்கவேண்டும். அர்ஜுனின் எஞ்ஜின் ஜெர்மன் கம்பெனியுடையது. ஜோராவருக்கும் முதலில் ஜெர்மன் எஞ்ஜினையே நினைத்திருந்தார்கள். அந்நாட்டு அனுமதி தாமதப்பட்டதால் அமெரிக்காவின் கம்மின்ஸ் எஞ்ஜின் பூட்டப்பட்டது. பீரங்கிக் கூண்டு பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் கம்பெனியுடையது. 2025 மார்ச்சில் டி-72 டாங்கிகளுக்காக ஆயிரம் குதிரைச் சக்தி எஞ்ஜின்களை 248 மில்லியன் டாலருக்கு ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தமாயிற்று. வண்டி நம்முடையது, அதன் மூச்சு பிறருடையது என்றால் அந்தச் சுதந்திரம் எவ்வளவு தூரம் ஓடும்? யுத்தம் வந்த நாளில் ஒரு வெளிநாட்டு மந்திரியின் கையெழுத்துக்காக நமது சிப்பாய் லடாக்கில் காத்திருக்க முடியுமா? 2024 மார்ச் 20-ஆம் தேதி மைசூரில் 1,500 குதிரைச் சக்தியுள்ள நமது சொந்த எஞ்ஜின் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது. அந்தக் குழந்தையைக் காகிதக் கட்டுகளின் கீழ் மூச்சுத் திணற விடாதிருப்பது சர்க்காரின் கடமை.

இரண்டு ஆட்சேபங்களை நாம் அறிவோம். ஒன்று, இலேசான டாங்கியின் கவசம் மெல்லியது, அது வீரனைக் காக்காது என்பது. மெய்தான். ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகவே முடியாத தடித்த கவசம் யாரைக் காக்கும்? ராஜஸ்தானத்துக்கு அர்ஜுனும், பஞ்சாபுக்கு டி-90-உம், லடாக்குக்கு ஜோராவரும் என்று நிலத்துக்கு ஏற்றபடி பங்கிடுவதே விவேகம். எல்லா வயலுக்கும் ஒரே வண்டி என்பது சோம்பேறியின் கணக்கு. மற்றொன்று, 2022 முதல் உக்ரேன் யுத்தத்தில் சிறிய டிரோன்கள் பெரிய டாங்கிகளை அழித்ததைக் காட்டி, டாங்கியின் காலமே முடிந்தது என்பது. அதே யுத்தத்தில் இரு தரப்பும் டாங்கிகளை விட்டுவிடவில்லை. அவற்றின் தலைமேல் கம்பிக்கூண்டு கட்டி ஓட்டின. ஆகாயத்திலிருந்து வரும் ஆபத்து, மறைந்தும் விரைந்தும் செல்லக்கூடிய வண்டி தேவை என்பதையே வற்புறுத்துகிறது. பேரெடையின் பெருமையை அது குறைக்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. இலேசான டாங்கிகளின் வரவு இன்னொரு முறை காகிதத்தில் உறங்கலாகாது. எஞ்ஜின் விஷயத்தில் தேசம் தன் காலில் நிற்கும் நாளைக் குறித்துச் சொல்லவேண்டும். பாலமும் சாலையும் போடும் பொறியாளர் படைக்கு டாங்கிக்கு நிகரான மதிப்பும் பொருளும் அளிக்கவேண்டும்; சோஜிலாவில் பாதை முன்னே சென்றது, டாங்கி பின்னே வந்தது. தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றுள்ள பிரதிநிதிகள், கட்சி வேற்றுமை பாராமல், இம்மூன்றையும் பாதுகாப்பு மந்திரியிடம் கேட்கவேண்டும். ஆவடி அவர்களுடைய சொந்த மண்ணில் இருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் டாங்கிகளுக்காக 7,523 கோடி ரூபாய்க்கு உத்தரவு கொடுக்கப்பட்டது. அது நாமெல்லாரும் செலுத்திய வரிப்பணம். கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பண்டைக் காலத்து அரசர்களுக்கு யானையே கவச வாகனம். ஆனையூர் என்று நாம் ஊருக்குப் பெயரிட்டுக்கொண்டோம். யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியையும் கூடவே சொல்லிவைத்தோம். பலத்தைப் போற்றிய நம் முன்னோர் அதன் எல்லையையும் அறிந்திருந்தார்கள். ஐம்பது டன் இரும்பு யானையைக் கட்டி மேய்க்கும் டில்லியும் அதை அறிந்துகொள்ளட்டும். அடி வைக்குமுன் நிலத்தைப் பார்க்கவேண்டும். பார்க்காமல் வைத்த அடிக்குக் கணக்குத் தீர்ப்பவர்கள், ஆணையிட்டவர்கள் அல்லர், அந்த இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே.