ஸ்டெம் செல் ஆராய்ச்சி: விதைத்தது பொதுப் பணம், விளைச்சல் யாருக்கு?

இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு வருடம். முதலாம் வகை நீரிழிவோடு வாழ்பவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளக்கத் தேவையில்லை. 2025 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்த, இன்சுலின் சுரக்கும் கலங்களை 12 பேருக்கு முழு அளவில் செலுத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 10 பேருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் இந்த மரத்தை யார் நட்டார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள், பழம் யார் கைக்குப் போகப்போகிறது என்பதையும் நாங்கள் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது எங்கட கண்முன்னே, கனடாவில்.

1921இல் ரொறொன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். நாற்பது வருடங்கள் கழித்து அதே நகரில், கதிர்வீச்சு எலும்பு மச்சையை எப்படிப் பாதிக்கிறது என்று எலிகளில் ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் டில்லும் ஏர்னஸ்ட் மக்கலக்கும் ஸ்டெம் செல் இருப்பதற்கான முதல் உறுதியான சான்றை 1961இல் வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷபீரோவின் குழு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து எடுத்த கலங்களை ஏழு நோயாளர்களுக்கு மாற்றி, அவர்களை இன்சுலினிலிருந்து விடுவித்தது. அங்கேதான் தடையும் வந்தது. ஒரு நோயாளிக்கே பல வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடையாளர்கள் தேவை. அவ்வளவு கணையத்துக்கு எங்கே போவது? ஆய்வுகூடத்திலேயே கலங்களை வளர்க்கும் வேலை அதனால்தான் இவ்வளவு முக்கியமானது.

டில்லும் மக்கலக்கும் நீரிழிவுக்கு மருந்து தேடவில்லை. அவர்களின் முடிவு எந்த மருந்தாக மாறும் என்று 1961இல் எவராலும் சொல்லியிருக்க முடியாது. இலாபம் பார்க்கும் முதலீட்டாளர் இப்படியான வேலைக்கு அறுபது வருடம் காத்திருக்க மாட்டார். அரசாங்கம்தான் காத்திருக்க முடியும்.

ஆனால் எங்கட அரசாங்கங்கள் காத்திருக்கிற விதம் எப்படி? 2015இல் மத்திய அரசு ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் மீளுருவாக்க மருத்துவத் திட்டத்துக்கு 114 மில்லியன் டொலர் கொடுத்தது. 2019இல் ஒன்ராறியோ அரசு தன் சொந்த மாகாணத்தின் மீளுருவாக்க மருத்துவ நிறுவனத்துக்கு வருடாந்தம் கொடுத்துவந்த 5 மில்லியன் டொலரை நிறுத்தியது. 2021 வரவுசெலவுத் திட்டத்தில் மத்திய அரசு தேசிய ஸ்டெம் செல் வலையமைப்புக்கு மூன்று வருடங்களுக்கு 45 மில்லியன் ஒதுக்கியது. ஒரு கை கொடுக்க, மறு கை பறிக்கிறது. ஒரு ஆய்வு மாணவர் பயிற்சி பெற்று வரவே ஐந்தாறு வருடம் எடுக்கும். மூன்று வருடக் காசை நம்பி யார் வாழ்க்கையை இதில் போடுவார்?

அமெரிக்காவைப் பாருங்கள். 2001இல் ஜனாதிபதி புஷ், கருவிலிருந்து புதிதாக உருவாக்கும் ஸ்டெம் செல் தொகுதிகளுக்கு மத்திய அரசின் பணம் இல்லை என்றார். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் முதலாம் வகை நீரிழிவு வந்த ஹார்வர்ட் பேராசிரியர் டக்ளஸ் மெல்டன் தனியார் பணத்தில் வேலையைத் தொடர வேண்டியதாயிற்று. கலிபோர்னியா மக்களோ 2004இல் வாக்களித்து 3 பில்லியன் டொலரும், 2020இல் மேலும் 5.5 பில்லியனும் இந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது முறை, சிகிச்சை சாதாரண மக்களுக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான ஏற்பாட்டையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நாங்கள் கற்க வேண்டிய பாடம் அதுதான்.

மெல்டன் தொடங்கிய நிறுவனத்தை 2019இல் பொஸ்டனின் வேர்டெக்ஸ் 950 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025இல் முடிவு வெளியான சிகிச்சை அவர்களுடையது. மனிதர்களில் சோதிக்கும் பெருஞ்செலவை நிறுவனங்கள்தான் ஏற்கின்றன. அதற்குரிய வருமானம் அவர்களுக்கு வேண்டும்தான். ஆனால் அடித்தளத்தைப் பொதுப் பணத்தில் போட்டுவிட்டு, கடைசியில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவது நியாயமான வியாபாரம் இல்லை. அரசு பணம் போடும்போதே விலை பற்றிய நிபந்தனையையும் போட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தப் பரிசோதனை கடுமையான முதலாம் வகை நோயாளர்களுக்கானது; எங்கட சனத்தில் அதிகம் காணும் இரண்டாம் வகைச் சீனி வருத்தத்துக்கு அல்ல. புதிய கலங்களை உடல் நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடர்ந்து எடுக்க வேண்டும். பங்குபற்றிய 14 பேரில் இருவர் இறந்தார்கள். ஒருவர் மூளையுறைத் தொற்றால், மற்றவர் முன்பே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியதால்.

இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் புகுகிறார்கள். முழங்கால் வலி முதல் ஓட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று இங்கும் இந்தியாவிலும் விளம்பரம் வருகிறது. உடலிலிருந்து எடுத்துத் திரும்பச் செலுத்தும் கலங்களும் மருந்துதான், அனுமதி வேண்டும் என்று கனடிய சுகாதாரத் திணைக்களம் 2019இலேயே எச்சரித்தது. இரத்த நோய்களுக்கான எலும்பு மச்சை மாற்று தவிர மற்றவை ஆராய்ச்சி நிலையில்தான் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டலின் சாரம். வீட்டை அடகு வைத்து விமானம் ஏறும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள். உண்மையான ஆராய்ச்சிக்குப் பணம் குறையக் குறைய, போலிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

எனவே அடுத்த தேர்தலில் கதவைத் தட்டும் வேட்பாளரிடம், அவர் தமிழரோ வேறு யாரோ, இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு அல்ல, பத்து வருடத்துக்கு இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவீர்களா? எங்கள் வரிப்பணத்தில் பிறக்கும் மருந்து எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க என்ன செய்வீர்கள்?

எங்கட பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று இன்றைக்கே உயிர் காக்கிறது. பொருந்தும் கொடையாளர் பெரும்பாலும் நோயாளியின் சொந்த இனத்திலேயே கிடைப்பார். கனடிய இரத்த சேவையின் பதிவேட்டில் 17 முதல் 35 வயதுக்குட்பட்டோர் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். அரசாங்கத்திடம் கேட்பதைக் கேட்போம். அதற்கிடையில் எங்கட பிள்ளைகளை அந்தப் பதிவேட்டில் சேர்ப்போம்.