மனை கட்டுவோர்க்குரிய சில்லறை வேலைகள்

கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகையின் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவோர் திலகவதியாரும் அவர் தம்பியார் நாவுக்கரசருமாவர். தமக்கையார் அவ்வூர்க் கோயிலை அலகிட்டு மெழுகினார் என்றும், தம்பியார் உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் புல் செதுக்கினார் என்றும் 12-ஆம் நூற்றாண்டிற் பிறந்த பெரிய புராணம் கூறுகின்றது. கூட்டுதலும் மெழுகுதலும் அங்கே தொண்டெனப் போற்றப்பெற்றன. அத்தகைய வேலைகளையே தாம் கட்டும் வீட்டிற் செய்ய நேரின், கற்றோர் பலர் நாணுகின்றனர். இந்நாணம் தகாதென்பதே நம் கருத்து.

வீடு கட்டும் ஒருநாளில் இவ்வேலைகள் எத்தனை! காலையில் முன்னாட் கட்டிய சுவருக்கு நீர் விடுதல், மணல் சலித்தல், செங்கல்லை ஊறவைத்தல், சிதறிய ஆணிகளைப் பொறுக்குதல், சிமிட்டி மூட்டைகளை மழைபடாமல் மூடுதல், அந்தியில் மண்வெட்டியையும் சாந்துச் சட்டியையும் கழுவிவைத்தல். உலகம் இவற்றைச் சில்லறை வேலை என்னும். ஆயின் மனையின் உறுதி பெரிதும் இவற்றைப் பற்றியே நிற்கின்றது. உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்புக் குறையும். சிமிட்டி இறுகுவது உலர்வதனாலன்று. நீரோடு கூடி வினைப்படுவதனாலேயாம். இந்தியத் தர நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ். 456 என்னும் விதிநூல், சாதாரணச் சிமிட்டியாலாகிய கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமிட்டியாயின் 10 நாளும் ஈரமாக வைத்தல் வேண்டும் என்கின்றது. கொத்தனார் எத்துணை வல்லவராயினும் மாலையில் தம் வீடு திரும்புவார். அந்நாள்களிலெல்லாம் மறவாமல் குடம் எடுக்க வேண்டியவர் யார்? வீட்டுக்குரியவரே அன்றோ?

“கூலிக்கு ஆள் உண்டே, அவர் பிழைப்பை நாம் பறிக்கலாமோ?” எனச் சிலர் வினவுவர். பறிக்க வேண்டுவதில்லை. சித்தாளுக்குரிய வேலை சித்தாளுக்கே இருக்கட்டும். எஞ்சிக் கிடக்கும் வேலைகளில் நம் கையும் படட்டும் என்கின்றோம். உச்சிவெயிலில் பத்துச் சட்டி மணல் சுமந்தவன், சனிக்கிழமை மாலை சித்தாளின் கூலியில் ஐந்து ரூபாய் குறைக்க வாய் திறவான். படிப்பு அளிக்கத் தவறிய இவ்வறிவைத் தோள்வலி அளிக்கும்.

அரசாங்கமும் இவ்வுழைப்பின் மதிப்பை உணர்ந்ததுண்டு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுவசதித் திட்டம், ஒப்பந்தக்காரரை விலக்கி, பயனாளியே தம் வீட்டைக் கட்டுமாறு விதித்தது. சமவெளிப் பகுதியில் 90 நாள் உடலுழைப்புக்கு ஊரக வேலைத் திட்டத்தின் வழியே கூலியும் வகுத்தது. பெயரில்லா வேலைக்குக் கணக்கில் ஓரிடம் கிடைத்தது.

மாணாக்கர்காள்! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கட்டடவேலை நடைபெறின், நிழலில் நாற்காலியிட்டு மேற்பார்வை பார்த்தல் வேண்டா. சல்லடையின் மறுபுறத்தைப் பிடியுங்கள். கைகள் சில நாளிற் காய்ப்பேறும். சுவர் பல்லாண்டு நிற்கும்.