அவர்களிடம் யார் கேட்டார்கள்?

 

"பழங்குடிப் பெண்களுக்கு உடம்பைப் பற்றி விழிப்புணர்வே இல்லை, கூச்சப்படுவாங்க, நாமதான் போய்ச் சொல்லிக் கொடுக்கணும்." படித்தவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளில் வாழும் பைகா மக்களைப் பாருங்கள். எண்ணிக்கையில் குறைந்த பழங்குடிகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்யக் கூடாது என்று 1979-ல் ம.பி. அரசு ஆணை போட்டது. இனத்தைக் காப்பாற்றுகிறார்களாம்! நாலைந்து பெற்று, ரத்தசோகையில் தள்ளாடும் பெண் "போதும் டாக்டர்" என்றால், "நீ பைகா, முடியாது" என்பது பதில். சமூகத்தை மறைத்துச் சொல்லி அறுவை செய்துகொண்டவர்களும் உண்டு. அது மட்டுமா? 2014 நவம்பரில் பிலாஸ்பூர் மாவட்ட முகாம் ஒன்றில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். குறைந்தது 13 பெண்கள் செத்தார்கள். அதே வாரம் அதே மாவட்டத்தின் இன்னொரு முகாமுக்குப் போன ஒரு பைகா பெண்ணும் பிழைக்கவில்லை. தடை ஒரு பக்கம், இலக்கு ஒரு பக்கம். "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்க மட்டும் ஆளில்லை.

அந்த 1979 ஆணையை எதிர்த்து நீதிமன்றம் போனது யார் தெரியுமா? பைகா மக்களேதான், சில மக்கள் நல அமைப்புகளின் துணையோடு. 2018-ல் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. இவர்களுக்கா விழிப்புணர்வு இல்லை?

கூச்சம் என்கிறீர்களே! இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர்களை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவள் நான். கூச்சத்தைப் பற்றி நாம் பேசவே கூடாது.

கேட்டால் பேசுவார்கள். பழங்குடிகள் நிறைந்த மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங் கேட்டார். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். 92 சதவீதம் பேருக்குப் பிறப்புறுப்பு அல்லது கர்ப்பப்பை சார்ந்த ஏதாவது ஒரு நோய். முன்பு எப்போதாவது அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான். பிள்ளைப்பேறு, கருத்தடை தவிர ஏழைப் பெண்ணுக்கு வேறு உடம்பே இல்லை என்பதுபோல் நடந்த காலம் அது. வெள்ளைப்படுதலையும் மாதவிடாய் வலியையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கிராமத்து மருத்துவச்சிகளை விரட்டாமல், அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி பயமாக இருக்கிறது, கூட வருபவர்களுக்குத் தங்க இடமில்லை என்று மக்கள் சொன்னதால், அங்கே மருத்துவமனையையே குடிசைகள் கொண்ட கிராமம்போல் கட்டினார்கள். பெயர்கூட அந்த மக்கள் கும்பிடும் தந்தேஸ்வரியின் பெயர்தான்.

மருத்துவத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்களே, அடுத்த முறை மலைக் கிராமத்துக்கு முகாம் போகும்போது பேனர் கட்ட அவசரப்படாதீர்கள். முதலில் அந்த ஊர் மருத்துவச்சி பாட்டியின் திண்ணையில் போய் உட்காருங்கள். அந்த மொழி பேசும் பெண் ஒருத்தியை, சம்பளம் கொடுத்து, கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.