கோட்டைக் கச்சேரியும் அத்திபெலே பஸ்சும்

ராமநவமி வந்துவிட்டால் பெங்களூரில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். தெருவுக்குத் தெரு பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வழங்குவார்கள். சாம்ராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்துக்குச் சங்கீதக் கச்சேரிகள் நடத்துவார்கள். மூன்றாவதாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். "விழா முன்போல் இல்லை" என்ற பேச்சு. அதுவும் ஆண்டு தவறாமல் நடக்கிறது.

அத்திபெலே டீக்கடைகளில்கூட இந்தப் பேச்சு அடிபடுவது உண்டு. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் வயதான குமாஸ்தா, "பிளாட்பாரத்திலே துண்டை விரிச்சு உட்கார்ந்து எம்.எஸ். பாட்டுக் கேட்டவன் தம்பி நான். இப்போ எல்லாம் பணக்காரன் சமாசாரமாப் போச்சு" என்பார். ஷிப்டுக்குக் கிளம்பி நிற்கும் இளைஞர், "அந்தத் தெலுங்குப் பாட்டு நமக்கு எதுக்கு சார்? செல்போனைத் தட்டினா இளையராஜா பாடுறாரு" என்பார். டீ ஆறுவதற்குள் விவாதம் முடிந்துவிடும். சங்கு ஊதிவிடுமே!

ஆனால் இருவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.

1939-ல் தொடங்கிய விழா

எஸ்.வி.நாராயணசாமி ராவ் ஸ்ரீராம சேவா மண்டலியைத் தொடங்கியது 1939-ம் ஆண்டில். செம்பை, செம்மங்குடி, எம்.எஸ்.சுப்புலட்சுமி என்று தென்னாட்டின் பெரிய வித்வான்கள் எல்லாம் அந்தப் பந்தலில் பாடியிருக்கிறார்கள். வடக்கத்திய சங்கீதத்துக்கும் அங்கே இடம் இருந்தது. பீம்சேன் ஜோஷி வந்து பாடியிருக்கிறார். அவரும் கதக்கைச் சேர்ந்த கன்னடக்காரர்தான்.

உள்ளே நாற்காலிகளுக்கு டிக்கெட் உண்டு. ஆனால் பந்தல் என்பது சுவர் வைத்த மண்டபம் அல்ல. பாட்டு வெளியே வரும். டிக்கெட் வாங்க முடியாதவர்கள் தெருவோரத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஜட்கா வண்டிக்காரர்களும் கூலிக்காரர்களும் வெளியே இருந்தபடியே தோடி எது, காம்போதி எது என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள் என்று பழைய பெங்களூர்க்காரர்கள் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வதாகவே இருக்கட்டும். அந்தப் பெருமை பந்தலுக்கு வெளியே உட்கார்ந்தவர்களால் வந்தது என்பதை மறுக்க முடியாது.

நேரம் சுருங்கிவிட்டதாம்

முதல் குறை நேரத்தைப் பற்றியது. முன்பெல்லாம் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் பாடினார்கள், இப்போது இரண்டரை மணியில் மங்களம் பாடிவிடுகிறார்கள் என்று ஒரு சாரார் சலித்துக் கொள்கிறார்கள். இதற்கு வித்வான்களை மட்டும் கோபித்துப் பயன் இல்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-ல் புனேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவில் விடிய விடியப் பாடுவார்கள். அதுவே நேரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதுவும் அன்றி, "பழைய முறை" என்று எதைச் சொல்கிறார்கள்? வர்ணத்தில் ஆரம்பித்து, சின்னச் சின்ன கீர்த்தனைகளாகப் பாடி, ராகம் தானம் பல்லவி முடித்து, கடைசியில் துக்கடா என்கிற இன்றைய கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார். அவர் மறைந்தது 1967-ல். அவர் இந்த முறையைக் கொண்டு வந்தபோது அது புதுமை. வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம். சாக்சபோனை கத்ரி கோபால்நாத்தும், மாண்டலினை ஸ்ரீனிவாசும் மேடை ஏற்றியபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள்.

விளம்பரப் பலகைகள் பற்றிய குறையும் உண்டு. மேடையின் பின்னால் ராமர் படத்தைவிடக் கம்பெனிகளின் பெயர் பெரிதாகத் தெரிகிறது என்று எந்த ஊர் சபாவைப் பற்றியும் சொல்கிறார்கள். பாதிக் கச்சேரியில் பாட்டை நிறுத்திப் பிரமுகர்களுக்குச் சால்வை போர்த்துவது அதைவிடப் பெரிய தொல்லை. ஆனால் பந்தல், ஒலிபெருக்கி, வித்வான்களின் சம்மானம் எல்லாவற்றுக்கும் பணம் யாரிடமிருந்தாவது வந்தாக வேண்டும். மகாராஜாக்கள் கொடுத்த காலம் போய்விட்டது.

எந்த மொழிப் பாட்டு?

டீக்கடை இளைஞரின் கேள்வி இதைவிடக் கனமானது. "தெலுங்குப் பாட்டு நமக்கு எதற்கு?" என்பது அவர் மட்டும் கேட்டது அல்ல. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கேட்டார். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழுக்குத் துக்கடா இடம்தானா என்று கிளர்ச்சி எழுந்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அன்றைய நியாயம் இன்றும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

ஆனால் பெங்களூர் கோட்டைப் பந்தலின் கதை சற்று வேறு. இங்கே கேட்க வருகிறவர்கள் கன்னடர், தமிழர், தெலுங்கர் எல்லோரும். தியாகராஜர் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, தெலுங்கில் பாடினார். புரந்தரதாசரின் கன்னடப் பாட்டான "ஜகதோத்தாரண"வை நாடு முழுவதும் கொண்டு சென்றது மதுரையில் பிறந்த எம்.எஸ். இந்த மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழனுக்கு, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோடு ஒரே பாட்டுக்குத் தலையாட்டும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைக்கிற இடத்தை ஏன் விட வேண்டும்?

தவிரவும், "நமக்கு எதற்கு" என்று சொல்கிறவருடைய தாத்தாவுக்கு இந்தச் சங்கீதம் அந்நியமாக இருந்ததே இல்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டவர் அவர். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு ஊரே கூடியது. 1944-ல் வந்த "ஹரிதாஸ்" படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராஜ பாகவதர் அதில் பாடியது ராகப் பாட்டுகள்தான். 1945-ல் "மீரா"வில் எம்.எஸ். பாடியதைத் தரை டிக்கெட் வாங்கியவர்களும் கேட்டார்கள். இந்தச் சங்கீதத்தைத் தொழிலாளி வேண்டாம் என்று தள்ளவில்லை. அது அவர் இருக்கும் இடத்தை விட்டு எட்டப் போய்விட்டது.

தூரம்தான் மாறியது

இங்கேதான் குமாஸ்தா சொன்னதற்கு வர வேண்டும். விழா பணக்காரர்களுடையதாகிவிட்டது என்கிறார் அவர். யோசித்துப் பார்த்தால் விழா பெரும்பாலும் அதே கோட்டை மைதானத்தில்தான் இருக்கிறது. இடம் மாறியது தொழிலாளிதான்.

பின்னி மில்லும் மினர்வா மில்லும் ஓடிய காலத்தில், அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஷிப்ட் முடிந்து நடந்தே கோட்டை மைதானத்துக்கு வந்துவிடலாம். காட்டன்பேட்டையிலும் மாகடி ரோடு பக்கமும் குடியிருந்தவர்களுக்கு பஸ் செலவே இல்லை. அந்த மில்கள் மூடப்பட்டுவிட்டன. வேலை பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் அத்திபெலேக்கும் ஓசூருக்கும் போய்விட்டது. வேலையோடு ஆட்களும் போனார்கள். மார்க்கெட்டிலிருந்து அத்திபெலே முப்பது கிலோ மீட்டருக்கு மேல். மாலை 5 மணிக்கு ஷிப்ட் முடிந்து, குளித்து, பஸ் பிடித்து, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி, மார்க்கெட்டில் இறங்கும்போது உள்ளே பிரதான ராகம் பாதி முடிந்திருக்கும்.

வந்தாலும் வெளியே உட்கார்ந்து கேட்கிற நிலையில் தெரு இல்லை. ஜட்கா வண்டி ஓடிய தெரு வேறு. இன்றைக்கு ஆட்டோவும் பஸ்சும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற மார்க்கெட் ரோடு வேறு. வெளியே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் சட்டம் குறுக்கே நிற்கிறது. அருகில் ஆஸ்பத்திரிகள் வேறு இருக்கின்றன. ஆகவே தெருவோர ரசிகனை யாரும் விரட்டவில்லை. அவன் உட்கார்ந்த இடத்தை வண்டிகள் எடுத்துக்கொண்டன.

"இப்போதுதான் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் கேட்கலாமே" என்பார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது எல்லா ஊர் சபாக்களும் அந்த வழிக்குத் திரும்பின. நல்ல வசதிதான். ஆனால் எட்டுக்குப் பத்து அறையில் நாலு பேர் தங்கி, ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, செல்போனில் ஆலாபனை கேட்பது எப்படி? விழா என்பது கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்பது. தனியாகக் கேட்பதற்கு ரேடியோ அன்றைக்கே இருந்தது.

வெளியே நின்றவர்கள் உள்ளே வந்த கதை

விழாக்களின் ஏற்பாட்டை மாற்றவே முடியாது என்பவர்களுக்குத் திருவையாற்றைச் சொல்லலாம். தியாகராஜர் ஆராதனையில் ஒரு காலத்தில் இரண்டு கட்சிகள் தனித்தனியே உற்சவம் நடத்தின. இரண்டிலும் பெண்கள் பாட இடம் இல்லை. நஞ்சன்கூட்டில் பிறந்து, பெயரிலேயே பெங்களூரைச் சுமந்த நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்து அங்கே சமாதி மண்டபம் கட்டினார். கட்டியவருக்கே பாட அனுமதி இல்லை! அவர் பெண்களைத் திரட்டித் தனிக் கட்சி அமைத்தார். 1940 வாக்கில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகி, பெண்களும் பாடினார்கள். இன்று பஞ்சரத்தினம் பாட ஆண்களும் பெண்களும் சேர்ந்தே உட்காருகிறார்கள். அப்போதும் சம்பிரதாயம் கெட்டது என்றவர்கள் இருந்திருப்பார்கள்.

லண்டனில் 1895-ல் தொடங்கிய "பிராம்ஸ்" என்ற இசை விழா இன்றும் நடக்கிறது. கோடை காலத்தில் வாரக்கணக்கில் கச்சேரிகள். அங்கே நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு என்று மேடைக்கு எதிரிலேயே இடம் விட்டு, மிகக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் கொடுக்கிறார்கள். கூடமும் மாறியது, நிர்வாகமும் மாறியது; நின்று கேட்பவர் இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ராமநவமி முடிந்து ஆறாம் நாள் சித்திரைப் பவுர்ணமி. அன்று இரவு பெங்களூர் கரகம் திகளர்பேட்டை தர்மராயசாமி கோவிலிலிருந்து புறப்பட்டு, மார்க்கெட் சுற்றுத் தெருக்களில் வரும். மஸ்தான் தர்காவுக்கும் போகும். விடிய விடிய ஜனசமுத்திரம். அதற்கு டிக்கெட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. அத்திபெலே இருக்கிற ஆனேக்கல் தாலுகாவிலேயே, ஆனேக்கல் ஊரிலும் ஒரு கரகம் நடக்கிறது. நகரத்து விழா தாலுகாவுக்கு வர முடியும் என்றால், நகரத்துச் சங்கீதம் ஏன் வரக்கூடாது? ஒரு மாத விழாவில் இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், அத்திபெலேயிலோ சந்தாபுராவிலோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், மாலை 4 மணிக்கு ஒரு கச்சேரி வைத்தால் கூட்டம் வருமா, வராதா என்று தெரிந்துவிடும். பெரிய வித்வான்தான் வர வேண்டும் என்பது இல்லை. வாய்ப்புக்குக் காத்திருக்கும் இளம் வித்வான்கள் எத்தனையோ பேர். இங்குள்ள தொழிற்சாலைகள் விளம்பரப் பலகைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதி போதும்.

கோட்டை மைதானத்துக்கே போகிறவர்களுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரெயிலின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. ஆர்.வி.ரோட்டில் வண்டி மாறினால் கே.ஆர்.மார்க்கெட் நிலையம், அங்கிருந்து கோட்டை மைதானம் நடக்கிற தூரம். சில்க் போர்டு நெரிசல் இனி மேலே போகிறவர்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பது பொம்மசந்திராவிலிருந்து அத்திபெலே வரை பத்து கிலோ மீட்டர் அளவு. அந்தப் பத்து கிலோ மீட்டருக்கு இரவு 10 மணிக்கு மேல் போதுமான பஸ் விட்டால், போகிறவர்கள் கச்சேரி ரசிகர்கள் மட்டுமா? இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களுக்கும் அது உதவும். விழாக் காலத்தில் பின்வரிசை டிக்கெட்டை ஒரு சாப்பாட்டு விலைக்குள் வைப்பது விழா நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது.

அதுவரை அத்திபெலேயிலிருந்து போகிறவர் ஒரு பழிக்கு ஆளாக வேண்டியிருக்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களைப் பற்றி சபா ரசிகர்கள் கடுமையாகப் பேசுவார்கள். மற்றவர்கள் காபிக்காக எழுந்திருக்கிறார்கள். இவர் எழுந்திருப்பது பஸ்சுக்காக. வித்வான் அவரை மட்டும் மன்னித்துவிடலாம்.