தோழி எங்கே போனாள்?

சென்ற மாதம் திருப்பூரில் ஓர் இலக்கியக் கூட்டம். பேச வந்த நண்பர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: “ஆண்களின் நட்பு ஆயுள் முழுக்க வரும். பெண்களின் நட்பு முதல் குழந்தையோடு முடிந்துவிடும். அது இயற்கை.” அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு கசந்துவிட்டது.

தமிழாசிரியை ஆதலால் முதலில் நூல்களிடமே போகிறேன். நட்பைப் பற்றிய குறளின் ஐந்து அதிகாரங்கள் (79 முதல் 83 வரை) பொருட்பாலில் இருக்கின்றன. மக்கட்பேறு இல்லறவியலில் இருக்கிறது. பிள்ளை வீட்டுக்குள், நட்பு வீட்டுக்கு வெளியே. நட்புக்கு நாம் காட்டும் பேருதாரணம் பிசிராந்தையார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆண்டு பல ஆகியும் தமக்கு நரையில்லாத காரணத்தைச் சொல்லும்போது (புறநானூறு 191) மனைவியையும் மக்களையும்தான் அவர் முதலில் குறிப்பிடுகிறார். பிள்ளைப்பேறு அவருடைய நட்பைக் குலைக்கவில்லை. பிள்ளையைச் சுமந்தவர் வேறொருவர் அல்லவா? அந்த அம்மையாருக்கு ஒரு தோழி இருந்தாளா என்று யார் கேட்டோம்? அகப்பாடல்களின் தோழியோ தலைவியின் பொருட்டே பேசுகிறாள். அவளுக்கென்று ஒரு பிள்ளை உண்டா என்பது இருபதாண்டு வகுப்பறையில் நானும் கேட்காத கேள்வி.

நம் ஊரைக் களமாகக் கொண்ட எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ (2004) நான் மதிக்கும் நாவல். அது ஐந்து நண்பர்களின் கதை; ஐவரும் ஆண்கள். நாவலாசிரியரைக் குறை சொல்லவில்லை. பேக்கரி வாசலில் நின்று ஒரு டீயை அரைமணி நேரம் குடிக்கும் உரிமையை இந்த ஊர் ஆண்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

நண்பர் ‘இயற்கை’ என்றதைக் கடிகாரத்தில் வைத்துப் பார்ப்போம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை. பிசிர் வெட்டும் மேசையைச் சுற்றிப் பேச்சு வளர்கிறது, சிநேகம் வளர்கிறது. பிள்ளை பெற்றவள் அந்த மேசையை விட்டுப் போகிறாள். அவள் லைன் வீட்டில் தனித்திருக்கும் நேரமெல்லாம் தோழிகள் கம்பெனியில். அவர்கள் திரும்பும் நேரம் குழந்தை உறங்கும் நேரம். 2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்ற விதியும் சேர்ந்தது. பத்துப் பதினைந்து மிஷின் போட்ட ஜாப் ஒர்க் கூடங்களை இந்த விதி தொடுவதில்லை. காப்பகத்தைக் குழந்தைக்கான வசதியாக மட்டுமே கணக்கிடுகிறோம். ஒரே நேரத்தில் பால் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்து பேசக்கூடிய இடமும் அதுதான்.

இனி என் குற்றம். 2010இன் கடைசியில் மகன் பிறந்தான். எங்கள் வாடகை வீட்டை ஒட்டிய லைன் வீட்டில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஆறு மாதக் குழந்தை ஊரில் பாட்டியிடம். இரவு ஒன்பது மணிக்கு வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மகனை வைத்திருப்பாள். “இவனத் தூக்கினாத்தான் டீச்சர் எனக்குக் கையி நிக்குது” என்பாள். பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். தன் பாலை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி வரத்து குறைந்து, கம்பெனிகளில் வேலை சுருங்கியது. பலர் ஊர் திரும்பினார்கள். அவளும் சொல்லிக்கொள்ள வந்தாள். மகனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த நான், பிறகு வரும்படி கையைக் காட்டினேன். படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அவள் ஊரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

‘கைக்குழந்தையோடு இருந்தேன், தொடர்பு விட்டுப் போயிற்று’ என்றே பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். குழந்தையின் மேல் பழி போடுவது எளிது. உண்மையில் அதை நான் நட்பு என்றே எண்ணவில்லை. பக்கத்து வீட்டு ஒத்தாசை என்று எண்ணினேன். எம்.ஏ. படித்த தோழிகளின் முகவரிகள் என் டைரியில் இருந்தன. அவர்களில் ஒருவரும் அந்த இரவுகளில் என் மகனைத் தூக்கவில்லை.

ஆகவே, மேடை நண்பரே, பெண்களின் நட்பு குழந்தையோடு முடிவதில்லை. குழந்தையோடுதான் எனக்கு ஒரு நட்பு தொடங்கியது. அதற்கு இரவு ஒன்பதுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை, ஒரு பெயரும் கிடைக்கவில்லை. நேரத்தைக் கம்பெனிகளிடமும் அரசிடமும் கேட்டுப் பெறவேண்டும். பெயரை வைக்க வேண்டியவர்கள் எழுதுகிற நாம்.