நாய் வாய்னா நாறத்தான் செய்யுமா?

எங்க வீட்டு மணிக்கு வாய் நாறுதுன்னு மாதனூர்ல யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான். "நாய் வாய் பின்ன மணக்கவா செய்யும்? தோல்ல செஞ்ச எலும்பு விக்குது பாரு, வாங்கிப் போடு, கடிச்சே சுத்தமாயிடும்." ஆம்பூர் பக்கத்துல இருக்கோம் இல்லையா, தோல் விஷயத்துல எல்லாரும் டாக்டர் :-)

நானும் நம்பி ஆறு மாசம் போட்டேன். ஒருநாள் சோத்தை மோந்து பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சு. கால்நடை டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறெல்லாம் செவசெவன்னு வீங்கி ரத்தம். மூணு பல்லை எடுக்க வேண்டியதாப் போச்சு.

விஷயம் இதுதாங்க. பல்லுல படியுற பாக்டீரியாப் படலம் சில நாள்லயே காரையா இறுகிடும். ஈறு அழற்சி வரும். இந்தக் கட்டத்துல சுத்தம் பண்ணா ஈறு பழையபடி ஆயிடும். விட்டா, பல்லைப் பிடிச்சிருக்குற எலும்பே கரையும். கரைஞ்சது திரும்ப வராது. தோல் எலும்பு பல்லோட மேல்பக்கத்தைத்தான் தேய்க்கும். நோய் இருக்கிறதோ ஈறுக்கு அடியில! சுண்ணாம்புல ஊறவெச்சு முடி எடுத்த தோலைப் பல்வைத்தியம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

நாய்க்குன்னே இருக்கிற பேஸ்ட்டால தினமும் தேய்ங்க. நம்ம பேஸ்ட் வேண்டாம்; அதுல சைலிட்டால் இருந்தா நாய்க்கு விஷம்.

'தோல் ஊர்னா நாறத்தான் செய்யும்'னு சொல்லிச் சொல்லியே தொழிற்சாலைக் கழிவைப் பாலாத்துல ஓட விட்டோம். 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு. மணிக்குக் கோர்ட்டுக்குப் போகத் தெரியாது. வலிக்குதுன்னு சொல்லவும் தெரியாது. நாத்தம் ஒண்ணுதான் அது குடுக்குற மனு.

இன்னைக்கே உங்க வீட்டு நாயோட உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க மக்களே.